நடை, சைக்கிள், பஸ்: சென்னையில் யாருக்கு எது கிடைக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடை, சைக்கிள், பஸ் மூன்றுக்கும் முதலிடம் வேண்டும், அவை எல்லோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று சொல்லிவருகிறேன். ஏரியா சபைக் கூட்டம் (வார்டு மக்கள் தங்கள் பகுதிப் பிரச்சினைகளைப் பேசக் கூடுவது), குடியிருப்போர் சங்கம், பஸ் நிறுத்தம் என்று எங்கே இந்தப் பேச்சை எடுத்தாலும் வருகிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட இவைதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பதில்கள் சென்னையை மனதில் வைத்து எழுதியவை. மேலே இருப்பவை எளிய கேள்விகள். கீழே போகப் போகத்தான் சண்டை.

1. நடங்க, பஸ்ல போங்கன்னு சொல்றீங்க. கார் வச்சிருக்கறவங்க எல்லாம் தப்பு பண்றாங்கன்னு சொல்ல வர்றீங்களா?

இல்லை. முதலில் ஒரு கணக்கு. 2008 வாக்கில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்காக ஒரு விரிவான போக்குவரத்து ஆய்வு நடந்தது. அதன்படி சென்னைப் பகுதியின் பயணங்களில் 28 சதவீதம் நடந்தே. 26 சதவீதம் பஸ்ஸில். 25 சதவீதம் டூவீலரில். 6 சதவீதம் சைக்கிளில். கார், டாக்சி சேர்ந்தே 6 சதவீதம்தான். பழைய ஆய்வு, அதற்குப் பிறகு டூவீலரும் காரும் பெருகிவிட்டன என்பது உண்மை. ஆனாலும் நடக்கவும் பஸ் ஏறவும் செய்கிற பெருங்கூட்டம் இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

அதனால் நான் முதலில் கவலைப்படுவது காரை விட்டு இறங்கப் போகிறவரைப் பற்றி அல்ல. இன்றைக்கே நடக்கிறவர், பஸ்ஸுக்கு நிற்கிறவர், சைக்கிள் மிதிக்கிறவர் இவர்களைப் பற்றி. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் தவணையில் ஒரு டூவீலர் எடுத்துக்கொண்டு இவர்கள் ஓடிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் கொடுக்கிற நடைபாதையும் பஸ்ஸும் அப்படி.

2. 'சமமா'ன்னா என்ன அர்த்தம்? ரோடும் பஸ்ஸும் எல்லாருக்கும் பொதுதானே?

காகிதத்தில் பொதுதான். நடைமுறையில் ஒரே ஊரில் ஒரே தூரம் போக ஒருவர் அதிகப் பணமும், இன்னொருவர் அதிக நேரமும், வேறொருவர் அதிக ஆபத்தும் கொடுக்கிறார்கள். அந்த வித்தியாசத்தைக் குறைப்பதுதான் சமம்.

ஓர் உதாரணம். மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் 1000 ரூபாய்க்கு 'விருப்பம் போல் பயணம்' மாத பாஸ் இருக்கிறது. மாதம் முழுக்க எத்தனை பஸ் மாறினாலும் கவலை இல்லை, நல்ல பாஸ். ஆனால் முதல் தேதி சம்பளம் வாங்குகிறவர்தான் மொத்தமாக 1000 ரூபாயை எடுத்து வைக்க முடியும். அன்றாடம் கூலி வாங்குகிற கொத்தனார் தினமும் டிக்கெட்டாக எடுக்கிறார். ஒரே இடத்துக்கு இரண்டு பஸ் மாறினால் இரண்டு டிக்கெட். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பாஸ் வைத்திருப்பவரைவிட அவர் அதிகம் கொடுத்திருப்பார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வழியே அப்படி அமைந்திருக்கிறது.

3. நல்ல பிளாட்பாரம்னா எப்படி இருக்கணும்? அளவு ஏதாவது இருக்கா?

இருக்கிறது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு நடப்பவர்களுக்காகவே ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. ஐஆர்சி 103 என்பது அதன் எண். 2012இல் திருத்தி வெளியிட்டார்கள். அதன்படி தடங்கல் இல்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப் போகிற இடம் அது. உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதாவது பெரியவர்கள் முட்டியைப் பிடித்துக்கொள்ளாமல் ஏறுகிற உயரம்.

இங்கே 'தடங்கல் இல்லாமல்' என்பதுதான் முக்கியம். நடுவில் ஒரு மின் பெட்டி, ஒரு மரம், ஒரு விளம்பரப் பலகை நின்றால் அந்த இடத்தைக் கழித்துவிட்டுத்தான் 1.8 மீட்டரை அளக்க வேண்டும். ஒப்பந்ததாரர்கள் சுவரிலிருந்து விளிம்பு வரை டேப்பைப் போட்டு அளந்து காட்டுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

4. போட்டுக் கொடுத்தாலும் ஜனங்க ரோட்டுலதானே நடக்கறாங்க? அப்புறம் எதுக்குச் செலவு?

ஜனங்கள் முட்டாள்கள் அல்ல. எங்கே நடந்தால் குறைவாக ஏறி இறங்க வேண்டியிருக்குமோ அங்கே நடக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறுவதற்காக நடைபாதையைச் சரித்துவிடுகிறோம். பத்தடிக்கு ஒரு பள்ளம். நடுவில் தூக்கி வைத்த மழைநீர் வடிகால் மூடி, கீழே தொங்குகிற கேபிள், மேலே ஏறி நிற்கிற டூவீலர். கையில் காய்கறிப் பையோடு அதில் ஒரு நூறு மீட்டர் போய்ப் பார்த்தால் நீங்களும் ரோட்டில் இறங்கிவிடுவீர்கள்.

வாசல்களில் நடைபாதை அதே உயரத்தில் தொடர வேண்டும். கார்தான் ஏறி இறங்க வேண்டும். இதைச் சரியாகச் செய்த இடங்களில் மக்கள் நடைபாதையில்தான் நடக்கிறார்கள்.

5. பிளாட்பாரக் கடைகளை எடுத்துட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்துடும்ல?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. கேட்பவர் வீட்டுக்குக் கொத்தமல்லி எங்கிருந்து வருகிறது என்று பதிலுக்குக் கேட்கத் தோன்றும். கேட்பதில்லை.

2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, முதலில் கணக்கெடுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது முடியும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதில் ஆலோசனை சொல்ல நகர விற்பனைக் குழு ஒன்று உண்டு; அதில் 40 சதவீதம் பேராவது வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஆக, நடப்பவருக்கு 1.8 மீட்டரை விட்டுவிட்டுக் கடைக்கு இடம் ஒதுக்குவதுதான் சட்டம் காட்டுகிற வழி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் பஸ் இறங்கி நடந்து வருகிற பெண்களிடம் எந்தத் தெரு பரவாயில்லை என்று கேளுங்கள். பூக்கடையும் டிபன் வண்டியும் இருக்கிற தெருவைத்தான் சொல்வார்கள்; அங்கே வெளிச்சமும் ஆளும் இருக்கும். அதே நடைபாதையை நிறுத்தி வைத்த காரும் புல்லட்டும் அடைத்துக்கொண்டால் 'ஆக்கிரமிப்பு' என்று யாரும் சொல்வதில்லை என்பதும் எனக்கு வியப்புதான்.

6. ரோட்டைக் கடக்கத்தான் நடைமேம்பாலம் கட்டிக் குடுத்திருக்காங்களே, ஏறிப் போனா என்ன?

முட்டி வலி உள்ளவர், கர்ப்பிணி, தலையில் கூடை வைத்திருப்பவர், குழந்தையைத் தூக்கியவர் எல்லோரும் இரண்டு மாடி ஏறி இறங்க, காரில் இருப்பவர் பிரேக்கைக்கூடத் தொடாமல் போக வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாடு. லிஃப்டும் நகரும் படியும் இருந்தாலும், அவை ஓடாத நாளில் நிலைமை அதேதான்.

தரை மட்டத்தில், சிக்னலோடு, நடுவில் நிற்க ஒரு திட்டோடு கடக்க வைப்பதே முறை. சிக்னல் நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கமாக ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். 20 மீட்டர் ரோட்டுக்கு 17 விநாடி வரும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கிற பாட்டிக்கு 25 விநாடி வேண்டும். அந்த எட்டு விநாடி அவர் வண்டிகளுக்கு நடுவில் நிற்கிறார்.

7. சென்னைக்கு இதுக்குன்னே ஒரு கொள்கை இருக்காமே? நிஜமா?

நிஜம்தான். 2014இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. இந்திய நகரங்களில் இதுதான் முதல். மாநகராட்சியின் போக்குவரத்துப் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும், 80 சதவீதத் தெருக்களிலாவது தொடர்ச்சியான நடைபாதை வேண்டும், 2018க்குள் நடப்பவரோ சைக்கிளில் போகிறவரோ ஒருவர்கூட விபத்தில் சாகக் கூடாது என்றெல்லாம் அதில் இலக்குகள் இருந்தன. 2018 வந்தது, போனது. அந்த இலக்கு எட்டப்படவில்லை என்று சொல்ல ஆய்வறிக்கை தேவையில்லை. அன்றாடச் செய்தித்தாள் போதும்.

அதற்காகக் கொள்கையைத் தூக்கிப் போட வேண்டாம். வார்டில் தெருப் பணி வரும்போது எடுத்துக் காட்ட ஓர் ஆவணம் கையில் இருக்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும், நடக்கத் தகுந்த நடைபாதை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து மனுவில் எழுதுங்கள்.

8. பாண்டி பஜார் மாதிரி ஊர் பூரா பண்ணிட்டா முடிஞ்சுது?

தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறந்த நடைபாதை வளாகம் அருமையான வேலைதான். குடும்பத்தோடு வந்து உட்கார்கிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன. இந்த ஊரிலும் ரோட்டைக் குறுக்கி நடைபாதையை அகலப்படுத்தலாம், வானம் இடிந்து விழாது என்று அது காட்டியது.

ஆனால் முதல் நல்ல நடைபாதை ஏன் எப்போதும் கடைவீதிக்குப் போகிறது? மூலக்கொத்தளத்திலோ வியாசர்பாடியிலோ லாரிகளுக்கு நடுவில் பள்ளிக்கு நடக்கிற பிள்ளைக்கு ஏன் போகவில்லை? எந்த வார்டில் அதிகம் பேர் நடக்கிறார்கள், எங்கே அதிகம் பேர் அடிபடுகிறார்கள் என்று பட்டியல் போட்டு, அந்த வரிசையில் பணத்தை ஒதுக்கினால் வரைபடமே மாறிவிடும். அழகு அப்புறம் வரட்டும்.

9. பொம்பளைங்களுக்கு மட்டும் எதுக்கு ஃப்ரீ பஸ்? ஏழை ஆம்பளை இல்லையா?

இருக்கிறார். அவருக்கும் கட்டணச் சலுகை வேண்டும் என்று கேட்டால் நானும் சேர்ந்து கேட்கிறேன் (2ஆம் கேள்வியில் சொன்ன கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள்). அதற்காகப் பெண்களுக்குக் கொடுத்தது தவறு என்று ஆகாது.

2021 மே 8ஆம் தேதியிலிருந்து தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பிறகு திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இது நீட்டிக்கப்பட்டது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கணக்கிட்டது. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை. வீட்டில் ஒரு வண்டி இருந்தால் அதை யார் எடுத்துப் போகிறார் என்றும் யோசியுங்கள். பெரும்பாலும் ஆண். பெண்ணின் பயணமோ குழந்தையைப் பள்ளியில் விட்டு, ரேஷன் கடைக்குப் போய், வேலைக்குப் போய், வரும் வழியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வருவதாகத் துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் டிக்கெட் எடுத்த காலத்தில் அதில் இரண்டு துண்டையாவது நடந்தே கழித்தார்கள், அல்லது போகவே இல்லை.

முதியவர்களுக்கும் ஒன்று உண்டு: சென்னையில் வசிக்கும் 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன். 2016இல் தொடங்கியது. இது தெரியாத தாத்தாக்கள் நிறையப் பேர்.

10. ஃப்ரீன்னு சொல்றாங்க, ஆனா நிறுத்தாம போயிடறான், ஏறினா 'ஓசி'ன்னு பேச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?

இந்தப் புகார் நியாயமானது. கட்டணத்தைக் கழகத்துக்கு அரசு ஈடுகட்டுகிறது; யாரும் ஓசியில் போகவில்லை. உங்கள் வரிப்பணம், அந்தப் பெண் சோப்பு வாங்கும்போது கொடுக்கிற வரி உட்பட. இதை ஓட்டுநர், நடத்துநர் பயிற்சியில் சொல்ல வேண்டும். அவர்கள் தரப்பிலும் ஒரு உண்மை இருக்கிறது: பிதுங்குகிற பஸ்ஸை, ஓட்டி முடிக்கவே முடியாத நேர அட்டவணையில் ஓட்டுகிறார்கள். கோபம் யார் மேல் இறங்குகிறதோ அவர் பாவம்.

உண்மையான தீர்வு எண்ணிக்கைதான். சலுகை செல்லுபடியாவது வெள்ளை போர்டு வண்டியில், அதாவது சாதாரணக் கட்டண பஸ்ஸில் மட்டும். அந்த வழித்தடத்தில் வெள்ளை போர்டு அரை மணிக்கு ஒன்றும், சொகுசு வண்டி பத்து நிமிடத்துக்கு ஒன்றும் வந்தால், இலவசம் என்பது காத்திருக்கும் நேரமாக மாறிப்போகிறது. அதனால் உங்கள் வழித்தடத்தில் எத்தனை வெள்ளை போர்டு, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதைக் கேளுங்கள்.

11. கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம் வீடும் குடுத்து பஸ்ஸும் விட்டாச்சு. இன்னும் என்ன குறை?

கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை 2000 தொடங்கிக் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்குப் போனவர்கள் ஏராளம். அவர்களுடைய வேலை ஊருக்குள் இருந்தது: வீட்டு வேலை, மீன் விற்பது, மூட்டை தூக்குவது, துப்புரவு. ஆற்றங்கரையில் இருந்தவரை பலர் வேலைக்கு நடந்தே போனார்கள். ஒரே இரவில் அது இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் பஸ் பயணம் ஆனது. ஊரிலேயே 'பசுமையான' பயணம் செய்துகொண்டிருந்தவர்களை நாமே நகர்த்திவிட்டு, பிறகு எல்லோரையும் நடக்கச் சொல்கிறோம்.

பஸ் விட்டதும் போதாது. மயிலாப்பூரில் காலை ஆறரைக்கு வாசல் தெளிக்க வேண்டியவருக்கு ஐந்து மணிக்கு வண்டி வேண்டும். ஹோட்டலில் இலை எடுப்பவர் இரவு பதினொன்றுக்கு மேல் திரும்புவார். அலுவலக நேரத்தை வைத்துப் போட்ட அட்டவணை இவர்களைப் பார்ப்பதே இல்லை. மாநகராட்சியும் போக்குவரத்துக் கழகமும் என்ன செய்தாலும், தூரத்தில் வீடு கட்டும் முடிவை இன்னொரு துறை எடுக்கும்வரை இந்த நேரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. வீடு எங்கே என்பதும் போக்குவரத்துக் கேள்விதான்.

12. மெட்ரோ வந்துட்டா எல்லாம் சரியாகிடும்தானே?

நிறைய சரியாகும், எல்லாம் ஆகாது. 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் என்று தொடங்கியது இன்று தினம் ஏறத்தாழ 3 லட்சம் பேரைச் சுமக்கிறது. மாநகர பஸ்கள் சுமப்பது 30 லட்சத்துக்கு மேல். கிட்டத்தட்ட 119 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட இரண்டாம் கட்டம் முடிந்தால் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் பெரிய மாற்றம் வரும். கண்ணகி நகர், பெரும்பாக்கம் அருகிலும் அது போகிறது. ஆனால் மெட்ரோவில் குறைந்தபட்சம் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். புறநகர் மின்சார ரயிலில் 5 ரூபாயில் தொடங்குகிறது. 9ஆம் கேள்வியின் சலுகையும் மெட்ரோவில் இல்லை. ஆகவே பஸ்ஸைக் குறைத்து மெட்ரோவுக்குத் தள்ளினால் ஏழைகளுக்கு அது கட்டண உயர்வு.

நிலையத்துக்கு எப்படிப் போவது என்பது அடுத்தது. 2023 டிசம்பரில் வெளியூர் பஸ்களுக்கான கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு இறங்கியவர்கள் ஆட்டோவுக்குக் கொடுத்த காசு, சில சமயம் ஊரிலிருந்து வந்த டிக்கெட்டையே எட்டியது. இனி இதையெல்லாம் கும்டா என்கிற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் சேர்த்துப் பார்க்க வேண்டும். சட்டம் 2010இலேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் அவர்கள் கொண்டுவந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். நல்ல தொடக்கம். பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் அதே சௌகரியம் ரொக்கமாகக் காசு கொடுத்தால் கிடைக்க வேண்டும்.

13. இந்த வெயில்ல யாரு சார் சைக்கிள் ஓட்டுவாங்க?

பால் பாக்கெட் போடுகிறவர், பேப்பர் போடுகிற பையன், செக்யூரிட்டி வேலை முடித்து வீடு திரும்புகிறவர், டீ கேன் கட்டிக்கொண்டு கட்டிட வேலை நடக்கிற இடத்துக்குப் போகிறவர். காலை ஐந்து மணிக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டை வாசலில் நின்று பாருங்கள். ஞாயிறு காலை ஹெல்மெட் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களை நாம் 'சைக்கிளிஸ்ட்' என்கிறோம். இவர்களுக்கு அந்தப் பட்டம் கிடைப்பதில்லை. சைக்கிள் பாதை திட்டம் போடும்போது கருத்துக் கேட்பதும் முதல் கூட்டத்திடம்தான்.

தமிழ்நாட்டுக்குச் சைக்கிள் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், செவிலியர்கள். யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய்வரும் வழி அது. 2001–02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. சைக்கிள் வீட்டுக்கு வந்துவிட்டது. அதை ஓட்டத் தெருதான் இல்லை. மகளுக்கு ஓட்டத் தெரிந்தும், மெயின் ரோட்டில் விட அம்மாவுக்குப் பயம்.

வெயிலைப் பற்றி: நிழல் இருந்தால் நான்கு கிலோமீட்டர் பெரிய தூரம் இல்லை. மரத்தை வெட்டி ரோட்டை அகலப்படுத்திவிட்டு வெயில் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

14. வாடகை சைக்கிள் வந்துச்சே, ஏன் ஓடலை?

2019இல் வந்தது. எடுக்க ஸ்மார்ட்போன் வேண்டும், செயலி வேண்டும், இணையத்தில் பணம் கட்ட வேண்டும். நிலையங்கள் ஏற்கெனவே வசதியான பகுதிகளில் நெருக்கமாக இருந்தன. முன்பெல்லாம் ஒவ்வொரு தெருவிலும் மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதி வாடகைக்கு விட்ட சைக்கிள் கடைகள் இருந்தன. முதலாளிக்கு முகம் தெரிந்தால் போதும். பஞ்சர் கடைக்காரர்களையே முகவர்களாக்கி மறுபடி முயன்றால் என்ன என்பது என் ஆசை.

15. ஷேர் ஆட்டோதான் டிராஃபிக் ஜாமுக்குக் காரணம். அதை முதல்ல நிறுத்தணும்ல?

பஸ் வராத இடத்தில், வராத நேரத்தில் வருவது ஷேர் ஆட்டோ. நிறுத்தினால் அதில் போகிறவர்கள் காரில் போகப் போவதில்லை. நடப்பார்கள், அல்லது டூவீலர் வாங்குவார்கள். நிற்க இடம் குறித்துக் கொடுத்து, தடத்தை முறைப்படுத்தி, எங்கே அது நிரம்பி வழிகிறதோ அங்கே சிற்றுந்து விடலாம். 2013இல் சென்னையில் சிற்றுந்துகள் வந்ததே உட்புறத் தெருக்களுக்காகத்தான்.

16. வீல்சேர்ல எத்தனை பேர் பஸ்ல வர்றாங்க? நான் ஒருத்தரைக்கூட பார்த்ததில்லை. அதுக்கு இவ்ளோ காசு போட்டு தாழ்தள பஸ்ஸா?

பார்த்திருக்க முடியாது, ஏனென்றால் ஏற முடியாது. நீச்சலடிப்பவர் யாரும் இல்லை என்று சொல்லி ஆற்றில் பாலம் வேண்டாம் என்பது போல இருக்கிறது இது. மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறிய பிறகுதான் 2024 ஆகஸ்டில் புதிய தாழ்தள பஸ்கள் சென்னையில் ஓடத் தொடங்கின. 2025 ஜூனில் தாழ்தள மின்சார பஸ்களும் வந்தன. அவற்றின் தளம் தரையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர், நிறுத்தத்தில் இன்னும் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும்.

அதில் ஏறுகிறவர்களைக் கவனியுங்கள். சேலை கட்டிய பெண்கள், முட்டி தேய்ந்தவர்கள், குழந்தைகள், பெட்டியோடு வருகிறவர்கள் எல்லோரும் வேகமாக ஏறி இறங்குகிறார்கள். நிறுத்தத்தில் வண்டி நிற்கும் நேரம் குறைகிறது. ஆனால் பஸ் நடுரோட்டில் நின்றால் இத்தனையும் வீண். சாய்தளம் பிளாட்பாரத்தில் உட்கார வேண்டும், அதற்கு நிறுத்தத்தில் கார் நிற்கக் கூடாது.

17. பார்க்கிங்குக்குக் காசு வாங்கினா நடுத்தரக் குடும்பம்தானே அடிபடும்? இதுதான் சமமா?

தந்திரமான கேள்வி, பாதி சரி. ஒரு கார் நிற்க சுமார் 12 சதுர மீட்டர் தெரு வேண்டும். அந்தத் தெருவில் அதே அளவு இடத்துக்கு ஒரு குடும்பம் கொடுக்கும் வாடகையை நினைத்துப் பாருங்கள். கார் மட்டும் இலவசமாகக் குடியிருக்கிறது. அதற்குக் கட்டணம் வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

டூவீலர் வேறு. பஸ் இல்லாத புறநகரில் டெலிவரி வேலை செய்கிற பையனுக்கு அதுதான் பிழைப்பு. அவனிடமும் அதே வீச்சில் வசூலித்தால் நீங்கள் சொல்வது சரி. காருக்கு அதிகம், டூவீலருக்குப் பெயரளவு, பஸ் நன்றாக ஓடுகிற கடைவீதிகளில் முதலில், மற்ற இடங்களில் பஸ் வந்த பிறகு என்று வரிசைப்படுத்தலாம். வசூலான பணம் அதே வார்டின் நடைபாதைக்கும் பஸ்ஸுக்கும் போகிறது என்று கணக்குப் பலகை வைத்தால் எதிர்ப்பும் குறையும். பொதுக் கணக்கில் கரைந்தால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

18. நல்ல நடைபாதை, மெட்ரோ எல்லாம் வந்தா வாடகை ஏறி, இருக்கற ஏழைங்களே வெளிய போயிடுவாங்களே?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கேட்டவர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். மெட்ரோ நிலையத்தைச் சுற்றி வாடகை ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறோம். அப்படியானால் சேரிப் பக்கம் நடைபாதையே போடாமல் விடலாமா? அது இன்னும் மோசம். 8ஆம் கேள்வியில் சொன்னபடி ஒரு தெருவைப் பளபளப்பாக்குவதை விட்டு, பல வார்டுகளில் ஒரே நேரத்தில் சாதாரணத் தரத்தில் போட்டால், ஓரிடம் மட்டும் விலை ஏறுவது குறையும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போது அதே இடத்தில், அதே ஆட்களுக்கே வீடு என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். நிலையங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற அரசு நிலத்தில் வணிக வளாகம் மட்டுமே வரக் கூடாது. குறைந்த வாடகை வீடும் வர வேண்டும்.

19. சரி, நான் என்ன பண்ணணும்? எங்க போய்ச் சொல்றது?

நடைபாதை உடைந்தது, விளக்கு எரியவில்லை, வடிகால் மூடி இல்லை என்றால் மாநகராட்சியின் 1913 எண். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தெருவையே மாற்ற வேண்டும் என்றால் 200 வார்டுகளிலும் உள்ள ஏரியா சபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். 2022இலிருந்து இவை இருக்கின்றன, போகிறவர்கள்தான் குறைவு. தீர்மானத்தில் 3ஆம் கேள்வியின் அளவுகளையும் 7ஆம் கேள்வியின் கொள்கையையும் சேர்த்து எழுதினால், 'பார்க்கலாம்' என்று தட்டிக்கழிப்பது கொஞ்சம் கடினம்.

ஏரியா சபை பெரும்பாலும் வேலை நேரத்தில் நடக்கும். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரும், தெருமுனைப் பூக்காரம்மாவும், அடுக்ககத்து வாட்ச்மேனும் வர முடியாது. மாலை ஏழு மணிக்கு மேல் வைக்கச் சொல்லி முதல் மனுவைக் கொடுங்கள். அல்லது அவர்கள் எந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸில் வருகிறார்கள், எங்கே இறங்கி எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, அவர்கள் சம்மதத்தோடு கூட்டத்தில் படியுங்கள்.